உயிர் இரைமீன்: தூண்டில் தொழிலின் கணக்கில் வராத முதல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பாலராமபுரம், மீனால் அன்றித் தறியால் பெயர்பெற்ற ஊராகும். எனினும் அங்கிருந்து தென்மேற்குத் திசையில் சில கிலோமீட்டர் சென்றால் விழிஞ்ஞம் துறையை அடையலாம். அதற்குத் தெற்கே புல்லுவிளை, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு, கேரளத்தின் கடைசிக் கடற்கரைச் சிற்றூரான பொழியூர் ஆகியவையும், அவற்றையடுத்துத் தமிழ்நாட்டின் நீரோடியும் வரிசையாக அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நிலத்தில் எல்லைக்கல் நடப்பட்டதேயொழிய, கடலில் தொழில் முறை மாறவில்லை. எல்லைக்கு இருபுறமும் தூண்டில் தொழில் இன்றும் உயிருடன் இருக்கிறது.

இத்தொழிலைப் பற்றிப் பேசும் அறிக்கைகளில் படகு, இயந்திரம், கயிறு, பனிக்கட்டி, கடன், விற்பனை ஆகியவை இடம்பெறுகின்றன. இரை மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் தூண்டில்காரர் விடியுமுன் முதலில் தேடுவது இரையைத்தான். இரை கிட்டாத நாளில் படகும் இயந்திரமும் கரையிலேயே கிடக்கும். மீனவர் தம் கையாலேயே பிடித்துக்கொள்ளும் உயிருள்ள இரைமீன், தொழிலின் அளவை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதையும், அதனைக் காப்பது ஏன் அரசின் கடமைகளுள் ஒன்றாகிறது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டு வகைப் பயன்

உயிருள்ள இரை இரு வகையில் பயன்படுகிறது. இவற்றை வேறுபடுத்தி அறியாமல் மேற்கொண்டு செல்லுதல் இயலாது.

முதல் வகையில், சிறு மீனைத் தூண்டிலில் கோத்து உயிருடன் நீந்தவிடுவர். நெய்மீன், பாரை, கலவா போன்ற பெருமீன்கள் செத்த இரையைக் காட்டிலும், தடுமாறி நீந்தும் இரையையே விரைந்து கவ்வும். கோப்பதிலும் நுட்பம் உண்டு. ஓடும் படகின் பின்னே இழுப்பதாயின் மேலுதட்டிலோ மூக்கிலோ கோக்க வேண்டும். அப்போதுதான் மீன் தலை முன்னாக, நீரைச் செவுளில் வாங்கிக்கொண்டு வரும். நங்கூரமிட்டு நிற்கும் படகாயின் முதுகுத் துடுப்பின் அருகே, முதுகெலும்பில் படாதவாறு கோக்கலாம். எலும்பில் பட்டால் மீன் அக்கணமே செயலிழக்கும். எல்லையோரக் கடற்கரையில் இவ்வகை இரைக்காகப் பிறரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கரமடியில் விழும் நெத்திலியும் சாளையும் உண்டு. பொழிமுகத்தில் வீச்சுவலைக்கு அகப்படும் சிறு மீனும் இறாலும் உண்டு. ஒரே கயிற்றில் பல சிறு தூண்டில்களைக் கட்டி, பளபளக்கும் இழைகளைச் சுற்றி, இரையேயின்றிப் பிடிக்கும் அயலையும் உண்டு. இரையின்றிப் பிடித்த சிறு மீன், பெருமீனுக்கு இரையாகிறது.

கட்டுமரத்தில் தொட்டியோ அறையோ கிடையாது. ஆகவே அதில் செல்பவர் உயிர் இரையைச் சேமிக்க இயலாது. பிடித்த இடத்திலேயே கோத்துக் கடலில் விட வேண்டும். பிடிக்கும் இரையின் அளவு அன்றைய தேவைக்கு மேல் செல்லாதபடி மரத்தின் அமைப்பே ஒரு கட்டுப்பாட்டை விதித்திருந்தது எனலாம். இக்கட்டுப்பாட்டை யாரும் சட்டமாக எழுதவில்லை.

இரண்டாம் வகை இதனினும் வியப்பானது. இதில் இரைமீன் தூண்டிலில் கோக்கப்படுவதே இல்லை. உயிருள்ள சிறு மீன்களைக் கைப்பிடியளவாகக் கடலில் வீசி, பெருமீன் கூட்டத்தைப் படகின் அருகே நிறுத்திவைப்பர். பெருமீன் வெறிகொண்டு இரைதேடும் அந்தச் சில நிமிடங்களில், வெறும் பளபளப்பான தூண்டிலையே இரையென்று எண்ணி அது கவ்வும். கம்புத் தூண்டில் முறை என்று இதனைக் கூறலாம். இந்தியாவில் இம்முறை தொன்றுதொட்டு நிலைத்திருக்கும் இடம் மினிக்காய் தீவு. விழிஞ்ஞத்திலிருந்து நேர் மேற்கே ஏறத்தாழ 430 கிலோமீட்டர் சென்றால், அதே அட்சக்கோட்டில் இத்தீவு அமைந்துள்ளது. நெய்யாற்றின்கரைக் கடலோர மீனவர் நோக்கும் அதே மேற்குத் திசையில், உயிர் இரையையே அடித்தளமாகக் கொண்ட ஒரு முழுப் பொருளாதாரம் பல நூற்றாண்டுகளாக இயங்கிவருகிறது. ஆகவே இரையின் இலக்கணத்தைக் கற்க விரும்புவோர் அங்கு செல்வதே பொருத்தமானது.

மினிக்காயில் ஒரு நாள்

லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ளது மினிக்காய். நிலப்பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 10,000ஐச் சற்றே கடந்தது. மக்கள் பேசும் மஹல் மொழி, தெற்கேயுள்ள மாலத்தீவின் மொழியோடு ஒன்றுபட்டது, தொழில்முறையும் அவ்வாறே. தீவின் மேற்குப் புறத்தைப் பவளத்திட்டு வில்லாக வளைத்து நிற்கிறது. அதன் உள்ளே அலையடங்கிய, ஆழங்குறைந்த கடற்கழி பரந்து கிடக்கிறது. தீவின் இரைக் களஞ்சியம் இக்கழியேயாகும்.

சூரைக்குச் செல்லும் படகு நேராக ஆழ்கடலுக்குச் செல்வதில்லை. விடியற்காலையில் முதலில் கழிக்குள் செல்கிறது. வெண்மணல் தரையும் பவளத் திரளும் அடுத்தடுத்து அமைந்த இடத்தில், நுண்கண் வலையைத் தரையில் விரிப்பர். சூரையின் சதையை அரைத்து நீரில் கரைத்துவிட, பவளக் கிளைகளுக்கிடையே பதுங்கியிருக்கும் சிறு மீன்கள் வெளிப்பட்டு வலையின் மேல் திரளும். அப்போது வலையின் விளிம்புகளை ஒரே சமயத்தில் உயர்த்த வேண்டும். மணற்பரப்பில் கூட்டமாகத் திரியும் இனங்களாயின் வலையால் சுற்றி வளைத்துப் பிடிப்பர். நீந்துவோர் சிலர் மீனை வலையின் பக்கம் விரட்டுவதும் உண்டு. ஒருவர் அவசரப்பட்டாலும் அந்த இடத்து மீன் கலைந்துவிடும். பிறகு வேறு பவளத் திரளைத் தேடிச் செல்ல வேண்டியதுதான்.

பிடித்த மீனைக் கையால் தொடலாகாது. செதில் உதிர்ந்த மீன் சில மணி நேரத்திற்குள் இறந்துவிடும். ஆகவே வலையிலிருந்து நீரோடு முகந்தே படகின் இரையறைக்கு மாற்றுவர். இவ்வறையின் அடியில் துளைகள் உண்டு. துளைகளுக்கு அடைப்பான்களும் உண்டு. அடைப்பான்களை எடுத்ததும் கடல்நீர் உள்ளே பாயும். மிகுந்த நீரை ஆட்கள் இடைவிடாமல் இறைத்து வெளியேற்றுவர். இவ்வாறு இரையறையில் நீர் எப்போதும் புதிதாகிக்கொண்டே இருக்கும். வெப்பக் கடலில் இந்த ஏற்பாட்டின் அருமையை எண்ணிப்பார்க்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான். நெருக்கமாக அடைத்த மீன் கூட்டம் அதனை விரைவில் தீர்த்துவிடும். நீர் நின்றால் இரை சாகும். இரை செத்தால் அன்றைய தொழில் முடிந்தது. பின்னாளில் நீர்ப்பம்புகள் வந்து இறைப்பவரின் வேலையைக் குறைத்தன என்றாலும், அடிப்படைத் தத்துவம் மாறவில்லை.

அதன்பின்னரே படகு கழியின் வாயைக் கடந்து வெளிக்கடலுக்குச் செல்லும். கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தில் வரிச்சூரைக் கூட்டம் இருக்கும். கூட்டத்தை நெருங்கியதும் இரை வீசுபவர் சிறு மீன்களை அள்ளி எறிகிறார். பின்புறத்தில் நின்று தண்ணீரைத் துடுப்பால் தெறிக்க, சிறு மீன்கள் துள்ளுவதுபோல் நீர்ப்பரப்பு சிலிர்க்கும். படகும் ஆட்களும் சூரையின் கண்ணுக்கு மறைவர். வரிசையாக நிற்கும் தூண்டில்காரர் மூங்கிற் கம்புகளை வீசுவர். தூண்டிலுக்கு எதிர்முள் கிடையாது. ஆகையால் மீன் தலைக்கு மேலே வீசப்பட்டுப் படகில் விழும்போதே தானாகக் கழன்றுவிடும். கையால் எடுக்க வேண்டியதில்லை. இந்த வேகம் சில நிமிடங்களுக்கே. வீசுபவரின் கையில் இரை தீர்ந்ததும் சூரை கீழே ஆழ்ந்துவிடும்.

எனவே படகில் மிகப் பொறுப்பான பணி கம்பு வீசுபவருடையது அன்று, இரை வீசுபவருடையது என்பது என் கருத்து. அதிகமாக வீசினால் சூரை வயிறு நிறைந்து அகன்றுவிடும். குறைவாக வீசினால் நிற்காது. எந்த அளவுகோலாலும் கற்பிக்க முடியாத கணிப்பு அது.

பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்தினால் அதுவே நம் வீடுகளில் அறியப்பட்ட மாசி. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பத்தூதா, இப்பண்டம் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறித்துள்ளார். பனிக்கட்டி இல்லாத காலத்திலும் இத்தொழில் நிலைத்ததற்கு மாசியே காரணம். மாசிக்குப் பின்னே நின்றது, விரல் நீளமும் நிரம்பாத இரைமீன்.

எந்த மீன் நல்ல இரை?

எல்லாச் சிறு மீனும் இரைக்கு உதவாது. நல்ல இரைமீன் வெள்ளி போல் மின்ன வேண்டும். நீரின் மேற்பரப்பிலேயே நிற்க வேண்டும். எறியப்பட்டதும் ஓடிப்போகாமல் படகின் நிழலுக்கே திரும்பிவர வேண்டும். ஓடினால் சூரையும் அதன் பின்னே ஓடிவிடும். மேலும், அறையில் அடைபட்டுச் சாகாமல் இருக்க வேண்டும். இக்குணங்கள் அனைத்தும் ஒரே இனத்தில் அமைவது அரிது.

கழியின் மணற்பரப்பில் கூட்டமாகத் திரியும் 'ஹோந்தெலி', திட்டின் வெளிப்புறத்திலிருந்து பருவந்தோறும் வரும் 'ரெஹி' ஆகிய இரண்டும் நெத்திலிச் சாயல் கொண்ட சிறு மீன்கள். சூரைக்கு இவற்றின்மேல் விருப்பம் மிகுதி. ஆனால் இவை மிக மென்மையானவை. பிடித்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். பவளக் கிளைகளுக்குள் வாழும் நீலநிறச் சிறு மீன்களும் பிறவும் அறையில் நெடுநேரம் தாங்கும். ஆயினும் மினுமினுப்பில் முன்னவற்றுக்கு ஈடாகா. மீனவர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தே, பருவத்திற்கேற்ப ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்கு மாறிச் செல்கின்றனர். ஓர் இனம் குறையும்போது மற்றோர் இனம் கைகொடுக்கும் இந்த ஏற்பாடே தொழிலின் காப்புறுதி.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த முனைவர் எஸ். ஜோன்ஸ், மினிக்காயின் உயிர் இரைமீன் பிடிப்பைப் பற்றி 1958இல் எழுதினார். இத்துறையில் அதுவே முன்னோடி ஆய்வு. சூரையை ஆராயச் சென்றவர் இரையை ஆராய நேர்ந்ததில் ஒரு பாடம் இருக்கிறது. அதன்பின் அந்நிலையத்தின் அறிஞர் பலர் இனங்களையும் பருவங்களையும் வாழிடங்களையும் ஆராய்ந்துள்ளனர்.

வளர்ச்சியும் இரையும்

1960ஆம் ஆண்டையொட்டி லட்சத்தீவில் இயந்திரப் படகுகள் அறிமுகமாயின. மினிக்காய்க்கு மட்டுமே உரியதாயிருந்த கம்புத் தூண்டில் முறை, மீன்வளத் துறையின் பயிற்சியால் அகத்தி முதலிய வடக்குத் தீவுகளுக்கும் பரவியது. 1969இல் மினிக்காயில் சூரையைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலை நிறுவப்பட்டது. வளர்ச்சித் திட்டங்களில் குறிப்பிடத்தக்க வெற்றி இது என்பதில் ஐயமில்லை. வலை கொண்டு கடலை அலசாமல், ஒரு கம்புக்கு ஒரு மீன் என்று பிடிக்கும் இம்முறையில் வேண்டாத மீன் அகப்படுவது மிகக் குறைவு. மாலத்தீவின் கம்புத் தூண்டில் சூரைக்கு 2012இல் பன்னாட்டுச் சான்று கிடைத்ததற்கும் இதுவே காரணம்.

எனினும் ஒன்றைக் கருத வேண்டும். படகுகளின் எண்ணிக்கையைக் கடனுதவியால் பெருக்கலாம். இயந்திரத்தின் ஆற்றலையும் பெருக்கலாம். கடற்கழியின் பரப்பைப் பெருக்க இயலாது. முப்பது படகு இரை எடுத்த கழியில் அறுபது படகு இறங்கினால், ஒவ்வொன்றும் இரைக்காகச் செலவிடும் நேரம் கூடும். சூரைக்குக் கிடைக்கும் நேரம் குறையும். வெளிக்கடலில் சூரை நிறைந்திருக்கும்போதே, துறையில் படகு வெறுமனே நிற்கும் நிலை வரும். புள்ளிவிவரத்தில் இது 'சூரை வரத்துக் குறைவு' என்றே பதிவாகும். உண்மையில் குறைந்தது சூரையன்று.

பவளத்திற்கு நேரும் கேடு இதனைக் கூர்மையாக்குகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும், மீண்டும் 2024இலும் கடல்நீரின் வெப்பம் மிகுந்து லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்தன. பவளம் வெளுத்து இறந்தபின் அதன் கிளைகள் சில ஆண்டுகளில் முறிந்து பொடியாகின்றன. கிளைகளுக்குள் குடியிருந்த சிறு மீன்களுக்குப் பிறகு ஒளியுமிடம் இல்லை. மணற்பரப்பில் வாழும் ஹோந்தெலி போன்றவை ஒருவாறு தப்பினும், மாறி மாறிக் கைகொடுத்த இனங்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. வெப்பத்தால் வரும் கேட்டைத் தீவின் அதிகாரி தடுக்க முடியாது. கழியைத் தூர்வாருதல், பவளக் கற்களை அகற்றுதல், வலையிட வேண்டிப் பவளத்தை உடைத்தல் ஆகியவற்றைத் தடுக்க முடியும், தடுத்தாக வேண்டும்.

இரவில் விளக்கொளியால் இரைமீனைத் திரட்டும் வழக்கம் மாலத்தீவில் பெருகியுள்ளது. இரவில் பிடித்தால் பகல் முழுவதும் சூரைக்குக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஒளி, தேவையான இனத்தை மட்டுமன்றிக் குஞ்சுகளையும் சேர்த்தே ஈர்க்கும். இந்தியாவின் தனிப் பொருளாதாரக் கடற்பகுதியில் எல்.இ.டி. முதலிய செயற்கை ஒளி கொண்டு மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடைசெய்தது. எளிய வழி எப்போதும் மலிவான வழியாவதில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

இரைக்கும் விலையுண்டு என்பதை ஒப்புக்கொண்ட நாடு சாலமன் தீவுகள். அங்கே கடற்கரைத் திட்டுகள் குலமுறைப்படி ஊராருக்கு உரியவை. 1970களில் கம்புத் தூண்டில் படகுகள் பெருந்தொகையாக இயங்கத் தொடங்கியபோது, இரை எடுக்கும் இடத்திற்குரிய ஊராருக்கு உரிமைத் தொகை வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தொகையின் அளவு பற்றியும் பங்கீடு பற்றியும் பூசல்கள் எழுந்தன என்பது வேறு. இரை ஓர் இலவசப் பொருளன்று என்ற கருத்து அங்கே நிலைபெற்றது.

ஜப்பானில் வேறு வழி. அங்கே இரைபிடிப்பதும் சூரைபிடிப்பதும் இருவேறு தொழில்கள். கரையோர மீனவர் நெத்திலியைப் பிடித்து மிதக்கும் கூண்டுகளில் சில நாள் வைத்து, அடைபட்ட வாழ்வுக்குப் பழக்கிப் பின்னர் படகுகளுக்கு விற்கின்றனர். இடைப்பட்ட நாள்களில் காயம்பட்டவை இறந்துபோக, வலியவை மட்டும் எஞ்சும். ஆகவே வாங்குபவருக்கு இழப்புக் குறைவு.

இரையை வளர்த்தெடுக்க முடியாதா என்ற கேள்வியும் எழுவது இயல்பு. ஹவாயில் 1950களில் திலேப்பியாக் குஞ்சுகளைக் குளங்களில் வளர்த்துச் சூரைக்கு வீசிப் பார்த்தனர். மீன் சாகாமல் தாங்கியது, ஆனால் இயற்கை இரையின் ஈர்ப்பு அதற்கு இல்லை, செலவும் கட்டவில்லை. தூண்டிலில் கோக்கும் வகைக்குப் பால்மீன் இதனினும் பொருத்தமானது. தைவானின் நெடுங்கயிற்றுத் தூண்டில் படகுகள் குளத்தில் வளர்த்த பால்மீனை உயிருடன் பயன்படுத்தியுள்ளன. பால்மீன் உவர்நீரிலும் நன்னீரிலும் வளரும். வெள்ளி போல் மின்னும். பூவாற்றுப் பொழியை அடுத்த உவர்நீர்ப் பரப்பில் இதனைச் சிறு அளவில் முயன்று பார்க்கலாம். இலாபமா நட்டமா என்பதை மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றன் மூலம் இரண்டு பருவம் நடத்திப் பார்த்தால்தான் கூற முடியும்.

எல்லைக் கடற்கரைக்குத் திரும்பினால்

விழிஞ்ஞம் முதல் நீரோடி வரையிலான கடலில் பவளத்திட்டு இல்லை. ஆனால் மீனவர் 'பார்' என்று அழைக்கும் பாறைத் திட்டுகள் உண்டு. கரையிலுள்ள மலைமுடி, கோபுரம், தென்னந்தோப்பு ஆகியவற்றை இரண்டிரண்டாக ஒரு கோட்டில் நிறுத்திப் பாரின் இடத்தைக் கண்டறியும் 'கணிச்சம்' என்னும் கலை தலைமுறை தலைமுறையாக வந்தது. இழுவை வலைகளால் பார்கள் பழுதுற்றபோது, 1980களில் திருவனந்தபுரக் கடற்கரை மீனவர் தாமே பொருள்களைக் கடலில் இட்டுச் செயற்கைப் பார்கள் அமைக்க முற்பட்டனர். சிறு மீன் அடையும் இடத்தை உண்டாக்கினால் பெருமீன் தானே வரும் என்பதை அவர்களுக்கு எவரும் வகுப்பெடுத்துக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே நிர்வாகத்தின்முன் உள்ள சிக்கல் வேறு. 1980இன் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் எல்லைக்கு ஒருபுறமும், 1983இன் தமிழ்நாட்டுச் சட்டம் மறுபுறமும் நடைமுறையில் உள்ளன. இரைமீன் கூட்டம் இரண்டையும் அறியாது. குஞ்சு மீன்களைக் காக்கக் கேரளம் பல இனங்களுக்குக் குறைந்த அளவு நிர்ணயித்துள்ளது. சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயலைக்கு 14 சென்டிமீட்டர். இது பெரிதும் வரவேற்கத்தக்கது. டன் கணக்கில் குஞ்சுகளை அள்ளி மீன்தூள் ஆலைக்கு அனுப்புவதைத் தடுக்கவே இந்த அளவு வகுக்கப்பட்டது. ஒரு நாளைய தேவைக்காகச் சில பத்து மீன் எடுக்கும் தூண்டில்காரரின் வாளியை அதிகாரி சோதிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். தூண்டில்காரரும், கரமடியில் விழுந்ததையெல்லாம் இரை என்று சொல்லிச் சந்தைக்கு அனுப்பலாகாது.

செய்யத்தக்க பணி ஒன்று உடனடியாக உண்டு. அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இறங்குதுறைகளில் மீன்வரவைப் பதிவு செய்யும் ஏட்டில் இரைக்கென ஒரு பத்தி சேர்க்க வேண்டும். எந்த இனம், எந்த இடத்தில், எத்தனை வாளி, பிடிக்க எவ்வளவு நேரம், எத்தனை செத்தன என்ற ஐந்து கேள்விகள் போதும். லட்சத்தீவில் தக்ஷிண் அறக்கட்டளையின் துணையுடன் சில தீவுகளின் மீனவர் தம் பிடிப்பைத் தாமே ஏட்டில் எழுதிவருகின்றனர். சூரையோடு இரையும் அவ்வேட்டில் இடம்பெறுகிறது. இரை பிடிக்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பதை, சூரையின் எடை குறையத் தொடங்கும் முன்பே அப்பத்தி காட்டிவிடும். துறைமுகம், அலைதடுப்புச் சுவர், தூர்வாருதல் முதலிய கடலோரப் பணிகளுக்கு அனுமதி வழங்கும் கோப்புகளிலும், அருகிலுள்ள பார்களும் பொழிமுகங்களும் இரைக்களங்களாக வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். அவற்றைக் காட்டித்தர ஊரில் மூத்த தூண்டில்காரர் இருவர் மூவர் போதும். கணிச்சம் அறிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.